அண்ணாகிராமத்தில் ஒரு சிங்கக் கரண்டி!

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது அத்தை போன் செய்தார். "வரும்போது உன் போன்ல ஃபுல்லா சார்ஜ் போட்டுக்கிட்டு வா. ஆயாவோட வெள்ளிச் சாமானையெல்லாம் வெளியில எடுக்கப்போறோம். நீதான் பார்த்துச் சொல்லணும்."

நகையை எடைபோடும் வேலை எதுவும் நான் பார்க்கவில்லை. பத்திரிகையின் டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால், எந்நேரமும் போனும் கையுமாக இருப்பவளுக்கு உலகத்தில் எல்லாமே தெரிந்திருக்கும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. அதைக் கெடுக்க வேண்டாம் என்று சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

விஷயம் இதுதான். அத்தையின் பேத்திக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. காலுக்குக் கொலுசு போட வேண்டும். 2025 தொடக்கத்தில் கிராம் 100 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த வெள்ளி, அக்டோபரில் சென்னையில் 200 ரூபாயைத் தாண்டியது. தங்கத்தின் பக்கமே போக முடியாது என்று வெள்ளிக்கு வந்தவர்களும் விலைப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போன மாதம் அது. புதிதாக வாங்குவதைவிட, பெட்டியில் சும்மா கிடக்கும் பழசைப் போட்டு மாற்றிவிடலாம் என்பது அத்தையின் கணக்கு.

எழும்பூரில் ரயில் ஏறி விழுப்புரம் வந்து, அங்கிருந்து மயிலாடுதுறை போகும் பாதையில் திரும்பினால் சேர்ந்தனூர், திருத்துறையூர், பண்ருட்டி. பண்ருட்டியில் இறங்கி டவுன் பஸ். பலாப்பழ சீசன் எப்போதோ முடிந்திருந்தது. ரோட்டோரக் கடைகளில் முந்திரிப்பருப்பு மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெயரில் கிராமம் இருந்தாலும் அண்ணாகிராமம் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை ஊர். தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட பூமி. எங்கே திரும்பினாலும் கரும்பு. நெல்லிக்குப்பத்தில் 1842-ல் தொடங்கிய சர்க்கரை ஆலை இந்தப் பக்கத்து வயல்களையெல்லாம் இனிப்பாக்கி வைத்திருக்கிறது. நான் போன அன்று மழை பிடித்துக்கொண்டது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆயாவின் தகரப் பெட்டி கூடத்துக்கு வந்திருந்தது.

ஆயாவுக்கு வயது 84. அப்பாவின் அம்மா. பெட்டியை அவர்தான் திறக்க வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விரித்த வேட்டியின் மேல் வைத்தார். சந்தனக் கும்பா, குங்குமச் சிமிழ், மூக்கு உடைந்த பாலாடை, அறுந்துபோன அரைஞாண் கொடி, அத்தைக்குக் குழந்தையில் கட்டிய அரசிலை, ஜோடி தொலைந்த ஒற்றைக் கொலுசு, பஞ்சபாத்திரம், அதனுடன் உத்தரணி.

ஒரு பழைய சேலைத் துணிச் சுருட்டு மட்டும் பெட்டியின் மூலையிலேயே இருந்தது.

"அது என்னா ஆயா?"

"ஒண்ணுமில்ல."

அத்தை விடவில்லை. எட்டி எடுத்துப் பிரித்துவிட்டார். உள்ளே ஒரு ஸ்பூன். கறுத்துப்போய், கிட்டத்தட்ட இரும்பு மாதிரி இருந்தது. ஆனால், கையில் வாங்கியதும் கனம் தெரிந்தது. கைப்பிடியின் ஓரமெல்லாம் கொடி சுருண்டது போன்ற வேலைப்பாடு. நுனி ஒரு சின்ன விசிறி போல விரிந்திருந்தது. நடுவில் வழுவழுப்பாக விட்ட இடத்தில், வளைத்து வளைத்து ஆங்கில 'எம்' எழுத்து. அங்கே இருந்த மற்ற எந்தப் பொருளோடும் அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆயா அதை எங்களிடமிருந்து வாங்கி, விபூதி தொட்டு முந்தானையால் தேய்த்தார். பின்பக்கம் மெல்லத் தெளிந்தது. மூன்று சின்ன முத்திரைகள் வரிசையாக. முதலில் நடந்துபோகும் சிங்கம். அடுத்து நங்கூரம். அதற்கடுத்து ஆங்கில 'ஜி' எழுத்து. பக்கத்தில் 'ஸ்டெர்லிங்' என்ற சொல்.

"சிங்கக் கரண்டி"ன்னுதான் எங்கப்பா சொல்லுவாரு" என்றார் ஆயா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

என் போனுக்கு வேலை வந்தது. சிங்கம், நங்கூரம், ஜி. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அது கோரம் என்ற அமெரிக்கக் கம்பெனியின் முத்திரை. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்தில் ஜபேஸ் கோரம் என்பவர் 1831-ல் தொடங்கியது. முதலில் அவர்கள் செய்து விற்றது முக்கியமாக ஸ்பூன்களைத்தான். எங்கள் ஸ்பூனின் வேலைப்பாட்டுக்குப் பெயரும் கிடைத்தது. 'ஷான்டிலி'. 1895-ல் வந்த டிசைன். கோரம் கம்பெனியின் டிசைன்களிலேயே மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று.

ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நம் கடைகளில் 92.5 டச் என்பார்கள். மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளியில் ஸ்பூன் செய்தால் கஞ்சியைக் கிண்டும்போதே வளைந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கலப்பு.

வெள்ளி ஸ்பூன் சேகரிப்பதற்கென்றே ஒரு பெரிய கூட்டம் இருப்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பணக்கார வீட்டு மேஜைகளில் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஸ்பூன் இருந்திருக்கிறது. ஆலிவ் காய் எடுக்க ஒன்று, ஆரஞ்சு சுரண்ட ஒன்று, கடுகு விழுதுக்கு ஒன்று, ஐஸ்கிரீமுக்கு முள் வைத்த ஒன்று. முட்டையில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும் என்பதால், முட்டை ஸ்பூனுக்கு மட்டும் தங்க முலாம். ஒரு கட்டத்தில் இது எல்லை மீறிப்போய், 1920-களில் வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் தலையிட்டு, ஒரு டிசைனில் 55 வகைக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைக்கும் நிலை வந்தது. பிற்பாடு அவர் அமெரிக்க அதிபரே ஆனார்.

கையால் சாப்பிடும் நமக்கு 55 என்பது சிரிப்பாக இருக்கும். நம் வீட்டு வெள்ளியில் ஸ்பூன் என்று பார்த்தால் தீர்த்தத்துக்கு உத்தரணி. குழந்தைக்குப் பால் புகட்டுவதற்குப் பாலாடை. பெரும்பாலான வீடுகளில் அத்தோடு முடிந்தது.

படித்ததையெல்லாம் நான் உற்சாகமாக உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கேதான் தப்பு செய்துவிட்டேன்.

"ஆயா, இதைக் கேளேன். அந்தக் காலத்துல அமெரிக்காவுல பேங்க் எல்லாம் கிடையாதாம். கையில இருக்குற வெள்ளிக் காசைத் தட்டான்கிட்ட குடுத்து உருக்கி ஸ்பூன், கிண்ணம்னு செஞ்சு வெச்சுக்குவாங்களாம். நம்ம ஊர் மாதிரியேதான். அதுல பேரோட முதல் எழுத்தை வெட்டுவாங்களாம். ஏன்னு சொல்லு பார்ப்போம்? திருட்டுப் போனா கண்டுபிடிக்கத்தான்!"

ஆயா எழுந்து உள்ளே போய்விட்டார். அத்தை என் தொடையில் கிள்ளினார்.

ராத்திரி மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து அத்தை சொன்ன கதை இது. ஆயா பிறந்த ஊர் திண்டிவனம். ஆயாவின் அப்பா அங்கே ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் பங்களாவில் குசினி வேலை பார்த்தவர். அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்தவர்கள் ராணிப்பேட்டை, வேலூர், ஆரணி, திண்டிவனம் என்று பல ஊர்களில் இருந்த காலம். வேலூர் சி.எம்.சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாக இருந்தபோது, ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகளுக்கு உதவி கேட்டு மூன்று பேர் வந்து நின்றதும், பெண் மருத்துவர் இல்லாமல் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனதும் இதே திண்டிவனத்தில்தான். அது 1890. எங்கள் கொள்ளுத்தாத்தா அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தவர். நாடு சுதந்திரம் அடைந்து சில வருடம் கழித்து அவர் வேலை பார்த்த குடும்பம் ஊருக்குக் கப்பல் ஏறியது. கிளம்பும்போது அந்த துரைசானி அம்மா இந்த ஸ்பூனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம்.

ஆயாவுக்கு அண்ணாகிராமத்தில் கல்யாணம் ஆனபோது, சீர்த்தட்டில் தேங்காய் பழத்துக்குப் பக்கத்தில் அப்பா இதையும் வைத்து அனுப்பியிருக்கிறார். வீட்டில் இருந்த ஒரே வெள்ளி அதுதான். சபையில் இருந்த ஒரு பெண்மணி ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த பங்களாவுல அடிச்சது இது?" என்று கேட்டிருக்கிறார். நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்குத் துணியில் சுருட்டி உள்ளே போனதுதான். அப்பாவுக்கோ அத்தைக்கோ ஒரு வேளை உரை மருந்துகூட அதில் கொடுத்ததில்லை.

"அறுபது வருஷமாச்சு. இன்னும் யாராவது பங்களானு சொன்னாலே மூஞ்சி மாறிடும்" என்றார் அத்தை.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஆயா வந்தார். கையில் துணிச் சுருட்டு. "இதையும் சேத்து எடுத்துக்கினு போ கண்ணு. உருக்கிக் கொலுசாப் போட்டுடட்டும். கொலுசப் பார்த்து யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க பாரு."

நானும் அத்தை மகனும் கடலூருக்கு பஸ் ஏறினோம். மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் கடலூர். கடைத்தெருவில் எங்கள் குடும்பம் வழக்கமாகப் போகும் சின்னக் கடை. தீபாவளிக் கூட்டம். எங்களுக்கு முன்னால் நின்ற ஐந்து பேரில் மூன்று பேர் வாங்க வந்தவர்கள் அல்ல, போட வந்தவர்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் டப்பில் பழைய வெள்ளி குவிந்திருந்தது. நசுங்கிய டம்ளர், கால் உடைந்த குத்துவிளக்கு, தண்டை, காப்பு, யாரோ ஒருவரின் வெற்றிலைப் பெட்டி. பூ வேலைப்பாடு செய்த மூடி மட்டும் தனியாக மேலே கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கேட்கத்தான் கூச்சமாக இருந்தது.

கடைக்காரர் எங்கள் சாமான்களை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்த்தார். அரைஞாண் கொடியில் பற்றுவைப்பு அதிகம், சந்தனக் கும்பா பரவாயில்லை, ஒற்றைக் கொலுசு டச் கம்மி. ஸ்பூன் வந்ததும் கொஞ்சம் நிதானித்தார். பூதக்கண்ணாடியில் சிங்கத்தைப் பார்த்தார். தராசில் வைத்தார். 28 கிராம். 92.5-க்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 26 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய விலைக்கு 5,000 ரூபாயை ஒட்டி வந்தது.

"அருமையான சரக்கும்மா. ஆனா, நமக்கு எடைதான் கணக்கு. சிங்கம் இருந்தாலும் அதே விலை, இல்லாட்டியும் அதே விலை" என்றார். பிறகு அவரே, "உருக்கவா, வேணாமா? டப்புல போட்டுட்டா அப்புறம் எடுக்க முடியாது" என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். 'இது அமெரிக்கப் பழம்பொருள், லட்சக்கணக்கில் போகும்' என்று நானும் ராத்திரி முழுக்கக் கனவு கண்டேன். விசாரித்தால் அப்படி ஒன்றுமில்லை. ஷான்டிலி டிசைன் அவ்வளவு விற்றிருப்பதால், ஒற்றை டீஸ்பூனுக்கு வெள்ளி விலைக்குச் சற்று மேலே கிடைத்தால் பெரிய விஷயம். மேலே வெட்டியிருக்கும் எழுத்து விலையை இன்னும் குறைக்கும். வேறு யாருடைய பெயரோ இருக்கும் பொருளை நிறையச் சேகரிப்பாளர்கள் விரும்புவதில்லை. எவர்சில்வர் அண்டாவில்கூடப் பெயர் வெட்டி வாங்கும் நமக்கு இது விநோதம்தான்.

சேகரிப்பவர்கள் நாட்டிலும் விலை ஏறினால் கதை இதேதான். 1980 ஜனவரியில், ஹன்ட் சகோதரர்கள் என்ற டெக்சாஸ் பணக்காரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில், ஓர் அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டது. அப்போது அமெரிக்க வீடுகளில் இருந்து வரிசையில் நின்று பாட்டி காலத்து டீ செட்டையும் ஸ்பூன்களையும் உருக்கக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் விலை சரிந்தது. உருகியவை உருகியவைதான்.

நம் பக்கமும் சேகரிப்பாளர்கள் தேடும் வெள்ளி உண்டு. சென்னை அண்ணா சாலையில் கைக்கடிகாரத்துக்குப் பேர்போன பி.ஆர் அண்ட் சன்ஸ், 1849-ல் இருந்து இருக்கும் நிறுவனம். அந்தக் காலத்தில் அவர்கள் வெள்ளிப் பாத்திரமும் விற்றார்கள். டீ கெட்டிலைச் சுற்றி சாமி உருவங்களைப் புடைப்பாக அடித்த அந்த வேலைப்பாட்டுக்கு 'சுவாமி வெள்ளி' என்றே பெயர். வெள்ளைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனவை இன்று வெளிநாட்டு ஏலங்களில் வெள்ளி விலைக்கு மேல் பல மடங்கு போகின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், டப்புக்குள் போவதற்குமுன் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டெர்லிங், 925 என்று இருந்தால் வெள்ளி. 'ஈ.பி.என்.எஸ்' என்று இருந்தால் மேலே வெள்ளி முலாம் மட்டும்தான். 'ஜெர்மன் சில்வர்' என்பதில் வெள்ளியே கிடையாது. இன்னொன்று, 100 வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப நம் சட்டத்தில் இடமில்லை. 1972-ல் கொண்டுவந்த சட்டம்.

கடைக்காரர் காத்துக்கொண்டிருந்தார். மற்றதையெல்லாம் போட்டுவிட்டேன். அரசிலையையும் பாலாடையையும் வேண்டாம் என்று அத்தை மகன் திருப்பி வாங்கிக்கொண்டான். ஸ்பூனை நான் பையில் வைத்தேன். ஆயாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கொலுசு கைக்கு வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். மழை விட்டிருந்தது. "வா, சில்வர் பீச் போயிட்டு வரலாம்" என்றான். வெள்ளியைப் போட்டுவிட்டு வெள்ளிக் கடற்கரைக்கு! தேவனாம்பட்டினத்தில் கடல் செம்மண் நிறத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மிளகாய் பஜ்ஜிக் கடை ஒன்றைத் தவிர எல்லாம் மூடிக் கிடந்தன. பஜ்ஜியைத் தின்றுகொண்டே கெடிலம் பக்கமாகத் திரும்பினோம். செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் அங்கேதான்.

கோட்டை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். செங்கல் சுவர்கள், செடி முளைத்த இடிபாடு, அவ்வளவுதான். ஆனால், 1746-ல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது இதுதான். 1756-ல் ராபர்ட் கிளைவ் இதற்கு கவர்னர். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். அதற்கு அடுத்த வருடம், போர்ச் செலவு தாங்காமல் பிரான்ஸ் ராஜா பதினைந்தாம் லூயி தன் சாப்பாட்டு மேஜை வெள்ளியையே நாணயச் சாலைக்கு உருக்க அனுப்பினார் என்று படித்தபோது, எங்கள் அத்தை ஞாபகம்தான் வந்தது.

இந்த இடத்தை ஆங்கிலேயர்கள் வாங்கியது 1690-ல், செஞ்சியை வைத்திருந்த மராத்தியர்களிடம் இருந்து. கோட்டையோடு சேர்த்து, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள கிராமங்களும் கம்பெனிக்கு என்பது பேச்சு. பெரிய பீரங்கியாகக் கொண்டுவந்து எல்லாத் திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம்வரை அவர்களுடையது. அந்தக் கதையை நினைவூட்டுவது போலப் பக்கத்திலேயே குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது.

அந்த வியாபாரத்தை முடித்தபோது மதராஸ் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான்.

பாஸ்டனில் 1649-ல் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்குப் போய், கம்பெனி வேலைக்காக மதராஸ் வந்தவர். 1687-ல் கவர்னர். அவர் காலத்தில் மதராஸ் துறைமுகத்தில் இருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். சொந்த வியாபாரத்தில் சேர்த்த பணம், கம்பெனிப் பணத்தில் கைவைத்தது என்று புகார் மேல் புகார் வந்து, 1692-ல் பதவியில் இருந்து நீக்கப்பட்டார். அதற்காக ஏழையாகிவிடவில்லை. பெரும் செல்வத்தோடு லண்டனுக்குத் திரும்பி, அரிய பொருட்களைச் சேகரிப்பவராக வாழ்ந்தார். இறந்தபின் அவற்றை விற்கப் பல ஏலங்கள் நடத்த வேண்டியிருந்தது. அதற்குமுன் 1718-ல், அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி உதவி கேட்டு எழுதியபோது, 9 மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் ராஜாவின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றதில் கிடைத்தது 562 பவுண்ட். அந்தச் சரக்கில் நம் பக்கத்துத் துணிகளும் இருந்தன. கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது.

இடிந்த சுவரில் உட்கார்ந்து இதையெல்லாம் போனில் படித்தபோது இன்னொன்றும் கிடைத்தது. அமெரிக்கப் பழைய வெள்ளிச் சாமான்களுக்குப் பேர்போன தொகுப்புகளில் ஒன்று, அதே யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஃபிரான்சிஸ் கார்வன் என்ற பழைய மாணவர் 1930-ல் தன் மனைவி மேபல் பெயரில் கொடுத்தது. அதில் ஸ்பூன்களும் உண்டு.

அமெரிக்க வெள்ளி இந்தக் கரைக்கு வந்ததும் எங்கள் கொள்ளுத்தாத்தாவோடு தொடங்கிய கதை அல்ல. ஐரோப்பியர்களிடம் நமக்கு விற்க உருப்படியான சரக்கு அதிகம் இல்லை. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் துணி வாங்க அவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தது வெள்ளியைத்தான். அந்த வெள்ளியில் பெரும்பகுதி மெக்சிகோவிலும், இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசி மலையிலும் வெட்டி எடுத்தது. ஸ்பானிய நாணயமாகக் கடல் தாண்டி, மதராஸ் நாணயச் சாலையில் ஆற்காடு ரூபாயாக மாறி, ஊருக்குள் வந்தபின் தட்டார்களின் உலையில் காப்பாகவும் தண்டையாகவும் ஆனது. வெள்ளியை எத்தனை முறை உருக்கினாலும் வெள்ளிதான். அந்த டப்பில் கிடந்த தண்டைகளில் எது பொட்டோசி, எது மெக்சிகோ என்று எந்த உரைகல் சொல்லும்?

"கொலுசு ரெடியாகியிருக்கும், எழுந்திரு" என்றான் அத்தை மகன்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். கொலுசை எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். ஆயா என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பூனை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"ஏன் கண்ணு, வேணாம்னுட்டாங்களா?"

"இல்ல ஆயா. நான்தான் போடல."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று கேட்டார். கோட்டையைப் பற்றிச் சொன்னேன். யேல் கதையையும் சொன்னேன். ஆயா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"அவன யாரும் திருடன்னு சொல்லலியா?"

"சொன்னாங்க ஆயா. வேலையை விட்டே எடுத்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் காலேஜுக்கு அவர் பேரை வெச்சுட்டாங்க."

ஆயா ரொம்ப நேரம் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். அத்தை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு ஸ்பூனை விளக்கு வெளிச்சத்தில் திருப்பி, 'எம்' எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"எங்கப்பா பேருக்கும் இதே எழுத்துதான் முதல்ல. பன்னெண்டு கரண்டி இருந்துச்சாம் அந்த வூட்ல. 'உன் பேரும் என் பேரும் ஒரே எழுத்து, நீ வெச்சுக்கோ'ன்னு துரைசானி குடுத்தாங்களாம். இத அன்னிக்கு சபையில சொல்லியிருக்கணும். எனக்குப் பதினெட்டு வயசு. வாய் வரல."

இந்தக் கதை அத்தைக்கே தெரியாது. அவர் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றார்.

துரைசானியின் பெயர் என்ன என்று கேட்டேன். ஆயாவுக்குத் தெரியவில்லை. அப்பா 'அம்மா' என்றுதான் சொல்வாராம்.

அதற்குள் குழந்தை தூங்கி எழுந்து அழத் தொடங்கியது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பருப்பு சாதத்தைக் குழைத்து வைத்திருந்தார்கள். ஆயா ஸ்பூனை வெந்நீரில் கழுவி, முந்தானையில் துடைத்து, அதில் ஒரு வாய் எடுத்து நீட்டினார். குழந்தை சாதத்தைத் துப்பிவிட்டு, நுனியில் விசிறி இருந்த பக்கத்தைப் பிடுங்கி வாயில் வைத்துக் கடித்தது.

"கடிக்கட்டும் விடு" என்றார் ஆயா. "பல்லு மொளைக்குது."